அம்மா கடைசியாகச் சொன்னது

என் அப்பா உபன்யாசகர். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் மேடையில் உட்கார்ந்து ஜனங்களை அழவைத்தவர். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் எங்கேடி அழ வெச்சேன்? அவாளா அழறா" என்பார். ஆனால் அவர்கள் எத்தனை மணிக்கு அழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆறரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்கு முன்னால் ஒரு கண்ணும் கலங்கக் கூடாது. முதல் அரை மணி சிரிக்க வைப்பார். மாமியார் மருமகள், டிவி சீரியல், பிரசாத வரிசையில் இடித்துக்கொள்வது எல்லாம் வரும். சிரித்துச் சிரித்து ஜனங்கள் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்த பிறகு குரலை இறக்குவார். மைக்கை விட்டு ஒரு சாண் பின்னால் போவார். காதில் விழவில்லையே என்று எல்லோரும் முன்னால் சாய்வார்கள். அப்படிச் சாய்ந்தவர்களை அவர் விட்டதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சின்ன வயதிலிருந்து அவருடைய வெந்நீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆகி, கல்யாணமாகி நாலு தெரு தள்ளிக் குடித்தனம் போன பிறகும், உள்ளூரில் அப்பாவுக்கு உபன்யாசம் என்றால் சொம்பு என் கையில்தான். ஒரு தரம் கேட்டேன், இவ்வளவு பெரிய கூட்டத்தை எப்படிப் பிடிக்கிறேள் என்று. "கூட்டத்துக்கு யார் பேசறா? நான் ஒரு முகத்துக்குன்னா பேசறேன்" என்றார்.

முதல் பத்து நிமிஷத்திலேயே அந்த முகத்தைத் தேடி எடுத்துக்கொள்வாராம். கைக்குட்டையைத் தயாராக மடியில் வைத்திருக்கிற மாமி வேண்டாம், அவள் எதற்கும் அழுவாள். கையைக் கட்டிக்கொண்டு, இவர் என்ன புதுசாகச் சொல்லிவிடப் போகிறார் என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவள்தான் வேண்டும். அவள் கண்ணைத் துடைத்தால் பின்னால் நாலு வரிசை துடைக்கும். "அழுது முடிச்ச அஞ்சு நிமிஷம் இருக்கே, அப்போ எது சொன்னாலும் உள்ளே போய் உக்காந்துக்கும்" என்றார். விளக்கேற்று, கோயிலுக்குப் போ, பெற்றவர்களைக் கைவிடாதே என்று அவர் ஜனங்களிடம் கேட்பதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் வரும்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று யாராவது நினைத்தால் எனக்குப் பொறுக்காது. மேடையில் அவர் பொய்யாக அழுது நான் பார்த்ததில்லை. மாகறல் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு நாள் வாழைத்தாரோடு வந்து நின்றார். இரண்டு வருஷம் முன்னால் அப்பா பேசியதைக் கேட்டுவிட்டு, முதியோர் இல்லத்தில் விட்டிருந்த தன் அம்மாவை மறுநாளே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாராம். அந்த அம்மா பிள்ளை கையாலேயே சாப்பிட்டு, தன் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாராம். சொல்லிவிட்டு அவர் அழுதார். அப்பாவும் அழுதார். பேச்சு என்பது ஒரு மனுஷனை எழுப்பி இவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மா மட்டும் இதற்கெல்லாம் மசிய மாட்டாள். உபன்யாசத்துக்கு வந்தால் பின் வரிசையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருப்பாள். "அங்கே ஊரையே அழ வெச்சுட்டு, ஆத்துக்கு வந்ததும் மோர்ல உப்பு இல்லேன்னு என்னை அழ வெப்பார்" என்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கலக்கம் என் தம்பி. அமெரிக்காவில் பதினாறு வருஷமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் வரும் வரை அம்மா காப்பி சாப்பிட மாட்டாள். வந்த பிறகு பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டியா, குளிரா, குழந்தைக்குச் சளி போச்சா. அவ்வளவுதான் பேச்சு.

போன ஆனி மாதம் அம்மாவுக்கு முடியாமல் போயிற்று. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டிலேயே இருந்தேன். துணைக்கு செவிலிமேட்டிலிருந்து ஒரு அக்கா டவுன் பஸ்ஸில் வருவார். அவர் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் அக்காவுக்கு நல்ல கை. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அம்மா முகம் சுளிக்காமல் இருந்தது அவரிடம் மட்டும்தான்.

வியாழக்கிழமை தம்பியைப் போனில் கூப்பிட்டு, உடனே கிளம்பி வா என்றேன். "ஒரு பெரிய வேலை நடந்துண்டிருக்குக்கா. அடுத்த வாரம் முடிஞ்சுடும். இப்பவே வரணுமா?" என்றான். ஆமாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வாங்கிக்கொண்டார். "பதறாதேடா. உங்கக்கா எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. வேலையை முடிச்சுண்டு நிதானமா வா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அப்பாவிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. வெறுமனே பேசாமல் இருந்ததற்குப் பதில் நான் இன்னொரு தரம் போன் செய்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை.

அன்றிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "போன் போட்டியா?" "எப்போ வரானாம்?" மருந்து மயக்கத்திலிருந்து எப்போது விழித்தாலும் அதே கேள்விதான். வருவான்மா, வருவான்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அறையில் அப்பா, நான், செவிலிமேட்டு அக்கா மூன்று பேரும் இருந்தோம். அப்பா வீட்டுத் தெருவில் குரங்குத் தொல்லை உண்டு. கோயில் பக்கமிருந்து வந்து திறந்திருக்கும் வீட்டில் புகுந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஓட்டின் மேல் சத்தம் கேட்டதும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட எழுந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "கதவைத் தாப்பா போடாதேடி. அவன் வந்து நிப்பான்."

நான் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டானா பாரு" என்றாள். எழுந்து போய் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். வர மாட்டான் என்று தெரிந்தும் இரண்டு பக்கமும் பார்த்தேன். உள்ளே வந்து, "ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பிட்டானாம்மா" என்றேன். அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. நாலு மணிக்கு முன்னால் போய்விட்டாள்.

பிள்ளைக்காக வைத்திருக்கலாமே என்று உறவில் ஒருவர் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் எடுத்துவிட்டோம். அப்பாவே எல்லாம் செய்தார். தம்பி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். ஒரு கையில் பெட்டி, காலில் ஷூ. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றான்.

காரியங்கள் நடந்த அந்தப் பதிமூன்று நாளில் அவன் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டான். "கடைசியா என்னக்கா சொன்னா?" ஈர வேஷ்டியோடு, கிணற்றடியில், அப்பளம் பொரிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில், எங்கே நான் தனியாக அகப்பட்டாலும் கேட்டான். "மயக்கத்துலயே இருந்தாடா. பேச்சே இல்லை" என்றேன். வேறு என்ன சொல்வது? வாசல் கதவை உனக்காகத் திறந்து வைக்கச் சொன்னாள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி பதினைந்தாம் நாள் ஊருக்குப் போனான்.

மார்கழியில் அப்பா மறுபடி மேடை ஏறினார். பட்டுக்கடைக்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்தார். நல்ல கூட்டம். பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள்தான், என்னோடு படித்தவர்களுடைய அப்பா அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. செவிலிமேட்டு அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல் சொம்போடு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா இல்லாத முதல் உபன்யாசம் என்பதால் மனசு எதிலும் ஒட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அப்பா சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தரம் என் பக்கம் பார்த்தார். குரல் இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் தேடி எடுத்த முகம் என்னுடையது.

"போன ஆனி மாசம் எங்காத்துலேர்ந்து ஒரு ஜீவன் கிளம்பித்து. நாப்பத்தெட்டு வருஷம் எனக்கு சாதம் போட்டவ" என்று ஆரம்பித்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "மத்தியானம் மூணு மணி. ஓட்டு மேல குரங்கு சத்தம். என் பொண்ணு, இதோ உக்காந்திருக்காளே இவதான், வாசக் கதவைத் தாப்பா போட எழுந்துக்கறா. கண்ணைத் திறக்காம அவ சொல்றா: 'கதவைத் தாப்பா போடாதேடி. பெருமாள் வந்து நிப்பார்.'"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சித்த நாழி கழிச்சுக் கேக்கறா, 'வந்துட்டாரா பாரு'."

முதலில் பெண்கள் பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. அப்புறம் எல்லாப் பக்கமும் கேட்டது. குரங்கு இருந்தது, ஓடு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, நான் இருந்தேன். என் தம்பி மட்டும் இல்லை. அவன் நின்ற இடத்தில் அப்பா பெருமாளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மற்ற எல்லாம் நிஜமாக இருந்ததால் அந்த ஒன்றை யாரும் சந்தேகப்படவே வழியில்லை.

கண்ணீர் ஓய்கிற அந்த ஐந்து நிமிஷம் வந்தது. அப்பா கேட்டார்: "இங்கே உக்காந்திருக்கிற பாதிப் பேர் ஆத்துல பிள்ளை ஒரு தேசம், பொண்ணு ஒரு தேசம். வாசலைப் பாத்துண்டு உக்காந்திருக்கேளே, யாருக்காக? அவா வர மாட்டா. வர முடியாது அவாளால. நான் தப்பு சொல்லலே. கூப்பிட்டா வரக்கூடியவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்குக் கதவைத் திறந்து வையுங்கோ." என்னோடு படித்தவளின் அம்மா, முட்டி வலியில் நடக்கவே கஷ்டப்படுகிறவர், எழுந்து நின்று கை கூப்பினார்.

நானும் அழுதேன். பொய் என்று தெரிந்து, எங்கே பொய் என்று தெரிந்து, எதற்காக அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார் என்றுகூடத் தெரிந்து அழுதேன். அந்த அவமானம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெளியே செருப்புத் தேடும் இடத்தில் செவிலிமேட்டு அக்கா என் முழங்கையைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. "இன்னாமா, ஐயா இப்படிச் சொல்றாரு? நான் அங்கதான இருந்தேன். அம்மா புள்ளையத்தான கேட்டுக்கினு இருந்தாங்க?" என்றார்.

"ஆமாம்க்கா. நீங்களும் அழுதீங்களே" என்றேன்.

"அழுவ வந்துடுச்சு, இன்னா பண்றது. அவரு சொல்ற மாதிரி அப்படிமா இருக்குது." ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு யோசித்தார். "ஆனா பாவம்மா அம்மா. அவங்க கேட்டது யாருக்கும் தெரியாம பூட்ச்சே."

மறுநாள் காலை அப்பாவிடம் போனேன். துளசி பறித்துக்கொண்டிருந்தார். அம்மா அப்படியா சொன்னா என்று கேட்டேன். நாலைந்து இலை பறிக்கும் வரை அவர் திரும்பவில்லை. "அவ சொன்னது ஆறு மாசமா என் காதுல விழுந்துண்டே இருக்கு. நான்தானே அவனை வராதேன்னேன்" என்றார். "நேத்திக்கு அதைச் சொல்லிடணும்னுதான் ஆரம்பிச்சேன். அவன்னு சொல்ல நாக்கு எழும்பலே. பெருமாள்னு வந்துடுத்து. சொன்னதும் நெஞ்சு லேசாச்சு. இனிமே அப்படித்தான் சொல்லப் போறேன். நீ திட்டறதானா திட்டு."

எழுபத்தாறு வயது மனுஷர். என்னால் திட்ட முடியவில்லை. அன்றைக்கே திட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தக் கதவுக்குக் காலே முளைத்துவிட்டது. எந்த ஊரில் அப்பா பேசினாலும் கடைசியில் அந்தக் கட்டம் வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். தை மாதம் கதையில் சலங்கைச் சத்தம் சேர்ந்தது. இன்னொரு ஊரில் துளசி வாசனை சேர்ந்தது. வெளியூரிலிருந்து கோயிலுக்கு வரும் மாமிகள் வழி கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்தக் கதவா?" என்று நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி கொஞ்சம் மஞ்சள் பூசினாள். கதவில் எண்ணெய்ப் பிசுக்கும் குரங்கு பிறாண்டிய தடமும்தான் இருந்தன. பாக்கியசாலி அம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அப்பாவுக்குச் சமைக்க வந்த நான் அவர்களுக்கும் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

பொங்கல் கழிந்து செவிலிமேட்டு அக்கா எங்களைப் பார்க்க வந்தார். அன்று யாரோ தம்பதி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கதையை முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "நீயும் கூட இருந்தியேம்மா, உனக்கு நன்னா ஞாபகம் இருக்குமே" என்றார். நடிப்பு இல்லை. கண்ணில் அவ்வளவு ஆசை. சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "ஆமாங்க ஐயா" என்றார். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மா போன பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதை விட்டிருந்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா பேசின வீடியோ ஒண்ணு யாரோ அனுப்பினா" என்றான். எனக்குக் கத்தி கையிலேயே நின்றது.

"எத்தனை தரம் பாத்தேன்னு எனக்கே தெரியலேக்கா. எட்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை. உனக்குச் சொன்னதில்லை. என்னை நினைச்சுண்டு தவிச்சுண்டே போயிருப்பாளோ, வாசலைப் பாத்துண்டே போயிருப்பாளோன்னு. வேலை பெரிசுன்னு இங்கே உக்காந்துண்டிருந்தேனே. அந்த வீடியோ பாத்தப்புறம் நேத்திக்குத்தான் தூங்கினேன்." அப்புறம் கேட்டான்: "ஆனா நீ, அம்மா மயக்கத்துல இருந்தான்னு சொன்னியே. நீதான் பக்கத்துல இருந்தே. நீயே சொல்லு. எது நிஜம்?"

அம்மாவின் கடைசி வார்த்தை அவனுக்குச் சேர வேண்டியது. வேறு யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை, பெருமாளுக்கும் இல்லை. அதை அவனிடம் கொடுக்கவேண்டிய ஆள் நான் ஒருத்திதான். கொடுத்தால் அவன் ஆயுசுக்கும் தூங்க மாட்டான் என்றும் எனக்குத் தெரிந்தது. யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

குரலை இறக்கினேன். இறக்குகிறேன் என்பது எனக்கே கேட்டது. "கடைசி அரை மணி தெளிவா இருந்தாடா" என்றேன். "அப்போ உன்கிட்டச் சொல்ற தெம்பு எனக்கு இல்லே. அப்பா சொன்னதுதான் நிஜம்." ஒரு இடைவெளி விட்டேன். "குரங்குக்காகக் கதவைச் சாத்தப் போனேன். அப்போதான் சொன்னா. முகத்துல அவ்வளவு தெளிவு." அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. அழட்டும் என்று காத்திருந்தேன். அழுகை குறைகிற நேரம் பார்த்து, "அவ நிம்மதியாப் போனா. நீ இனிமே உன்னைப் போட்டுக் குடைஞ்சுக்காதே. நன்னாத் தூங்கு" என்றேன்.

"சரிக்கா" என்றான். மூக்கைச் சிந்தினான். போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா."

"சொல்லுடா."

"என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?"

உபன்யாசத்தில் யாரும் எழுந்து திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அதனால் அதற்கு என்ன சொல்வது என்று அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டாள், நாலு நாளும் உன்னைத்தான் கேட்டாள், உன்னை மட்டும்தான் கேட்டாள் என்று வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அதுவரை நான் சொன்ன அத்தனையும் இடிந்து விழும். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"இல்லேடா" என்றேன். "ஒண்ணும் கேக்கலே."

பிறகு, "அதுவும் நல்லதுதான்" என்றான். நாற்பது வயதில் அவன் குரல் அத்தனை சின்னதாகி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னிடம் அம்மாவைப் பற்றி எதுவுமே பேசியதில்லை.